மழைத்தாள்

அகரமேலூரில் கைப்பேசி இல்லாத வீடு கிடையாது. சில வீடுகளில் ஆளுக்கு இரண்டுகூட உண்டு. ஆனாலும் கண்ணாடிக்குள் மினுங்குகிற எழுத்தை அந்த ஊர் முழுசாக நம்பியதே இல்லை. பட்டாவோ, பரீட்சை மார்க்கோ, ஜாதகப் பொருத்தமோ, தாளில் ஏறி வந்தால்தான் அது விஷயம். அதுவரைக்கும் வெறும் பேச்சு. இந்த நம்பிக்கையை வைத்துத்தான் பாபநாசம் போகிற சாலையோரத்தில் ஷோபனாவின் ஜெராக்ஸ் கடை பிழைத்துக்கொண்டிருந்தது.

ஷோபனாவின் புருஷன் அரவிந்தன் சிங்கப்பூரில் வெல்டர். வீட்டில் மாமனார் துரைராசுவும் மாமியார் அமிர்தமும். துரைராசு ஒன்பது மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நெடுங்காலமாகப் பயிர் செய்கிறவர். மூன்று ஏக்கர்தான். ஆனால் அதில் எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எந்த வரப்பை நண்டு துளைக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். நிலத்துக்குச் சொந்தக்காரர் சென்னையில் இருந்தார். இந்த வருஷம் குறுவை காய்ந்துபோனதைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. சம்பாவும் இப்படியே ஆனால் நிலத்தை மனை போடுகிறவர்களிடம் கொடுத்துவிடப்போவதாக நிதானமாகச் சொன்னார். கத்துகிறவன் மறந்துவிடுவான், நிதானமாகச் சொல்கிறவன் செய்துவிடுவான் என்பது துரைராசுவுக்குத் தெரியும். அந்தத் தை மாதம் வயலில் முற்றி நின்ற நெல் வீட்டுக்கு வந்தால் நிலம் தங்கும், வராவிட்டால் போகும். கணக்கு அவ்வளவுதான்.

வேதாரண்யத்தில் உப்பளம் வைத்திருக்கிற ஒருவர் மழையைப் பற்றி இணையத்தில் எழுதிவந்தார். ஒரு பாட்டம் மழை பெய்தாலே வாரிய உப்பு கரைந்து ஓடிவிடும் என்பதால் உப்புக்காரனைவிட வானத்தைப் பயந்து பார்க்கிறவன் வேறு யார்? ரேடியோ சொல்வது நாட்டுக்கு, இவர் சொல்வது நம் வயலுக்கு என்று டெல்டாக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். கண்புரை எடுத்துக்கொண்ட துரைராசுவுக்குக் கைப்பேசியின் பொடி எழுத்து ஒத்துவரவில்லை. மருமகளைக் கேட்டார். அவள் பெரிய எழுத்தில் ஒரு தாள் அடித்துக் கொடுத்தாள். அடுத்த வயல்காரர் தனக்கும் ஒன்று கேட்டார், அவருக்கு அடுத்தவரும் கேட்டார். கடைசியில் அறுவடைக் காலம் முழுக்கத் தினமும் காலையில் கடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டுவது வழக்கமாகிவிட்டது. மழைத்தாள் என்று அதற்குப் பேரும் வந்தது.

வலைப்பக்கத்தை அப்படியே அச்சடித்தால் கூந்தல் எண்ணெய் விளம்பரமும் நகைக்கடன் விளம்பரமுமாகத் தாள் தாளாக ஓடும். மழை எங்கேயோ ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருக்கும். அதனால் ஷோபனா ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். பக்கம் மொத்தத்தையும் காப்பி எடுத்து, வேர்டில் ‘எழுத்து மட்டும்’ என்பதைத் தேர்ந்து ஒட்டுவாள். படம், கலர், கட்டம், கோடு எல்லாம் உதிர்ந்து, தூற்றிய நெல் மாதிரி வெறும் எழுத்து வந்து விழும். பிறகு தலையை வெட்டுவாள், வாலை வெட்டுவாள். உப்புக்காரர் எப்போதும் ‘இன்றைக்கு இவ்வளவுதான், வணக்கம்’ என்றுதான் முடிப்பார். வணக்கத்துக்குக் கீழே வருவது வாசகர்களின் சண்டை. வணக்கத்தோடு வெட்டி, எழுத்தைப் பெரிதாக்கி, ஒரே தாளுக்குள் அடக்கிவிடுவாள். வலைப்பக்கத்தை அவள் திரையில் படிப்பதில்லை. வேர்டில் ஒட்டிச் சுத்தம் செய்த பிறகுதான் படிப்பாள். வாசலில் கூட்டம் நிற்கும்போது எவள் இரண்டு தடவை படிப்பாள்?

செவ்வாய்க்கிழமைத் தாள் இப்படிச் சொன்னது: ‘கடலில் இருக்கிற தாழ்வு நிலை மெதுவாகத்தான் நகர்கிறது. புதன், வியாழன் இரண்டு நாளும் தஞ்சாவூர்ப் பக்கம் நல்ல வெயில். வெள்ளிக்கிழமைதான் மழை. அவசரப்படாமல் அறுக்கலாம்.’

ஊரில் அந்தச் சமயம் ஒரே ஒரு செயின் வண்டிதான் நின்றது. அடி ஈரம் காயாத வயலில் டயர் வைத்த அறுவடை வண்டி இறங்கினால் அங்கேயே உட்கார்ந்துவிடும். டயருக்குப் பதில் பட்டைச் செயினில் ஓடுகிற வண்டிதான் போகும். ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த அந்த வண்டிக்கு முறை வைத்திருந்தார்கள். வாய்க்காலில் முறைத் தண்ணீர் பாய்ச்சிப் பழகிய ஊர், அந்தச் சட்டத்தையே வண்டிக்கும் எடுத்துக்கொண்டது. ஒருவர் வயலில் வண்டி இறங்கிவிட்டால் அவருடைய கடைசி வரிசை அறுபடுகிறவரை அது அவர் வண்டி. நடுவில் யாரும் கூப்பிட முடியாது. அவராக மனசு வைத்தால் முறையை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கலாம். புதன் காலை முறை துரைராசுவுடையது. பிற்பகல் மேலத்தெரு ராஜராஜனுக்கு. வியாழன் காலை ஜெக்கரியாவுக்கு.

ஜெக்கரியா பாய்க்குக் கடைத்தெருவில் பாத்திரக் கடை. துரைராசுவின் வயலை ஒட்டி, ஒரே வரப்புக்கு அந்தப் பக்கம், ஆறு மா அவருக்குச் சொந்தம். முந்தின வாரக் காற்றில் அவருடைய நெல் ஒரு பகுதி சாய்ந்து கிடந்தது. சாய்ந்த நெல் ஈரத்திலேயே கிடந்தால் கதிரிலேயே முளைத்துவிடும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவர் ஷோபனாவின் கடை வாசலில் துரைராசுவைப் பிடித்துக்கொண்டார். தன் வியாழக்கிழமை முறையை எடுத்துக்கொண்டு, புதன்கிழமை முறையைத் தனக்கு விட்டுத்தர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். துரைராசு சுவரில் இருந்த தாளைப் பார்த்தார். ஷோபனாவைப் பார்த்தார்.

“வெள்ளிக்கிழம வரைக்கும் பயமில்ல மாமா,” என்றாள் ஷோபனா. யாரும் அவளைக் கேட்கவில்லை. தன் தாளின் மேல் அவளுக்கு இருந்த பெருமை, தானாகவே வாயில் வந்துவிட்டது.

“அப்பறம் என்ன தம்பி. நீங்க முன்னாடி எறக்கிக்கங்க. நான் வியாழக்கெழம அறுத்துக்கறேன்,” என்றார் துரைராசு.

புதன்கிழமை காலை பனி கனமாக இருந்தது. பனி ஈரம் உலர்ந்த பிறகுதான் வண்டியை இறக்குவார்கள். வெயில் ஏறி, வயல் பக்கமிருந்து வண்டிச் சத்தம் கேட்கத் தொடங்கியபோது ஷோபனா கடையில் உட்கார்ந்து அன்றைய தாளுக்காக உப்புக்காரரின் பக்கத்தைத் திறந்தாள். வழக்கம்போல மொத்தத்தையும் காப்பி எடுத்து ஒட்டினாள். முதல் வரியைப் படித்ததும் கை நின்றுவிட்டது. ‘நேற்றுக் காலையே திருத்தியிருந்தேன். பார்க்காதவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன். இன்று மத்தியானத்துக்கு மேல் பாபநாசம், கும்பகோணம் பக்கம் கனமழை.’

நேற்றைய பக்கத்தைத் தேடித் திறந்தாள். முதல் தடவையாக அதைத் திரையில், உப்புக்காரர் எழுதிய கோலத்திலேயே பார்த்தாள். ‘புதன், வியாழன் இரண்டு நாளும் தஞ்சாவூர்ப் பக்கம் நல்ல வெயில்’ என்ற வரியின் குறுக்கே ஒரு கோடு ஓடியது. ‘வெள்ளிக்கிழமைதான் மழை’, ‘அவசரப்படாமல் அறுக்கலாம்’ என்பவற்றின் மேலும் கோடு. வணக்கத்துக்குக் கீழே புதிதாக இரண்டு வரி: காற்று வேகம் பிடித்துவிட்டது, மழை புதன்கிழமையே வந்துவிடும், மேலே கோடு போட்டதை நம்ப வேண்டாம். தப்பாகச் சொன்னதைத் துடைத்துவிட்டால் சொல்லவே இல்லை என்று ஆகிவிடுமாம். அதனால் கோடு போட்டு அப்படியே விட்டுவைப்பாராம். நேர்மையான மனுஷன். அந்த நேர்மை ஷோபனாவுக்கு எமனாக வந்து சேர்ந்தது. எழுத்து மட்டும் போதும் என்று அவள் கேட்டாள், எழுத்து மட்டும் வந்தது, கோடு வரவில்லை. அடித்துப்போட்ட வரிகள் அவளுடைய வேர்டில் உயிரோடு எழுந்து உட்கார்ந்துகொண்டன. திருத்தத்தை அவளே தன் கையால் வாலோடு வெட்டி எறிந்திருந்தாள்.

வெளியே வந்து பார்த்தாள். வெயில் அடித்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் காற்று கிழக்கிலிருந்து வந்தது, அதில் ஒரு குளிர்ச்சியும் இருந்தது. ஷட்டரை இழுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள். அமிர்தம் வயலுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தார். தூக்கில் சோறு, வேப்பம்பூ ரசம், வறுத்த நெத்திலிக் கருவாடு. ஷோபனா மூச்சு வாங்கிக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். அமிர்தம் கையிலிருந்த கரண்டியை மெதுவாக வைத்தார்.

“கத்தாத. மெதுவாப் பேசு,” என்றார். “இத யார்கிட்ட சொன்ன?”

“யார்கிட்டயும் இல்ல அத்த. நேரா இங்கதான் வர்றேன்.”

“அப்ப நான் சொல்றத கேளு. ரோடு பூராவும் நெல்லு காயுது. நீ போயி மழைன்னு வாயத் தொறந்தா அடுத்த நிமிஷம் ராஜராஜன் வண்டிகிட்ட போயி நிப்பான். அவன் பதினஞ்சு மா வச்சிருக்கான். வண்டி அவன்கிட்ட போச்சுன்னா நம்ம நெல்ல மறந்துட வேண்டியதுதான். மொதல்ல பாய்கிட்ட போ. நம்ம முறைய திருப்பிக் கேளு. வண்டி நம்ம வயல்ல எறங்கட்டும், அப்பறம் ஊருக்குத் தமுக்கு அடி. அர மணி நேரத்துல யாரு குடியும் முழுகிப் போவாது.”

அமிர்தம் கெட்ட மனசுக்காரி இல்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைவதை ஒவ்வொரு வருஷமும் பார்த்துப் பார்த்து மனசு காய்த்துப்போனவர். அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகத்தான் ஷோபனாவுக்கும் பட்டது. சரி என்று சொல்லிவிட்டுத்தான் ஸ்கூட்டியை எடுத்தாள்.

வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் சாலை பிரிகிறது. இடது பக்கம் திரும்பினால் வயல். நேரே போனால் கொள்முதல் நிலையம் வரைக்கும் சாலையின் ஒரு பாதியில் நெல் பரப்பிக் கிடந்தது. மதகுக்கு எதிரே தமிழ்நிலா காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தாள். கூலிக்கு நடவு நட்டு, நெல்லாக வாங்கிச் சேர்த்துவைத்திருப்பவள். இவளைப் பார்த்ததும் சிரித்தாள். மழைத்தாளைப் பார்த்துவிட்டுத்தான், அரிசி மில்லுக்குப் போகும் முன் ஒரு காய்ச்சல் காயட்டும் என்று வீட்டிலிருந்த மொத்தத்தையும் கொண்டுவந்து கொட்டியதாகச் சொன்னாள். மூடிப்போடப் படுதாகூட எடுத்துவரவில்லையாம்.

இடது பக்கம் திரும்ப ஷோபனாவுக்குக் கை வரவில்லை.

“அள்ளு தமிழ்நிலா. மத்தியானத்துக்கு மேல மழ,” என்றாள். அதோடு விட்டிருக்கலாம். உப்புக்காரர் மாற்றிவிட்டார் என்றால் போதும், பழி வேதாரண்யத்தோடு போய்விடும். ஆனால் வாயில் வேறு வந்தது. “நேத்து பேப்பருல நான்தான் தப்பா ஒட்டிட்டேன்.”

முதல் தடவை அதைத் தமிழ்நிலாவின் முகத்தைப் பார்க்காமல், நெல்லைப் பார்த்துத்தான் சொன்னாள். அடுத்தடுத்துச் சாலை நெடுக ஒவ்வொரு நெல் குவியலிலும் நின்று சொல்லிக்கொண்டே போனபோது முகம் பார்த்துச் சொல்ல வந்துவிட்டது, அவமானம் மட்டும் மிச்சம் இருந்தது. சிலர் சாக்கைத் தேடி ஓடினார்கள். ஒருவர், படித்தவள் என்று நம்பினோமே என்றார். இன்னொருவர் அதைவிட மோசமாகச் சொன்னார். கேட்டுக்கொண்டு ஸ்கூட்டியைத் திருப்பினாள். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன?

வயலுக்கு வந்தபோது அமிர்தம் சொன்னது அப்படியே நடந்திருந்தது. ராஜராஜன் தன் மோட்டார் சைக்கிளை வரப்பின் மேலேயே ஏற்றி நிறுத்திவிட்டு, டிரைவரிடம் சீக்கிரம் முடிக்கும்படி சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். வண்டி ஜெக்கரியாவின் வயலில் ஓடிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து நின்ற நெல்லை முதலில் அறுத்துவிட்டு, சாய்ந்து கிடந்த இரண்டு மாவைக் கடைசிக்கு வைத்திருந்தான் டிரைவர். சாய்ந்த நெல்லில் வண்டி ஊர்ந்துதான் போக முடியும். வரப்பில் ஜெக்கரியாவும் அவர் மனைவி ஜன்னத் பீவியும் நின்றார்கள். கொஞ்சம் தள்ளி, யாரோடும் சேராமல், துரைராசு தன் நெல்லைப் பார்த்தபடி நின்றார். சேதி அவருக்கும் வந்திருந்தது.

ஷோபனா அவரிடம் போய்த் தலைகுனிந்து நின்றாள். எப்படி நடந்தது என்று சொன்னாள். அவர் திட்டவில்லை. அவருக்கு ஒன்றுதான் விளங்கவில்லை.

“ஏன் ஆயி, அடிச்ச எழுத்து எப்படி திரும்ப வரும்? பத்திரத்துல ஒரு வார்த்தைய அடிச்சா அடிச்சதுதானே?”

“கம்ப்யூட்டருல கோடு வேற, எழுத்து வேற மாமா. நான் எழுத்த மட்டும் எடுத்துட்டேன்.”

அவர் வயல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, “நானும் படிச்சுட்டுத்தானே விட்டுக்கொடுத்தேன்,” என்றார். அதைத் திட்டாகச் சொல்லியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

கிழக்கே தென்னந்தோப்புக்கு மேல் மேகம் கறுத்து ஏறிவிட்டது. ஷோபனா வரப்பில் நடந்து ஜெக்கரியாவிடம் போனாள். மாமனார் பின்னாலிருந்து, “ஷோபனா, வேணாம்” என்றார். அவள் நிற்கவில்லை.

“பாய், ஒங்க முறை இன்னும் முடியல,” என்றாள். “முடியாத வரைக்கும் வண்டி ஒங்களுது. நீங்க யாருக்கு வேணா கொடுக்கலாம். கேக்கறதுக்கு எனக்கு வாயில்ல. இந்த நெல்லு போனா மாமாவுக்கு நெலம் இல்ல. அதான் கேக்கறேன்.”

ராஜராஜன் பாய்ந்து வந்தான். “அது எப்படி? பாய்க்கு அடுத்தாப்புல என் முறை. நடுவுல வந்து பூந்தா என்ன நியாயம்?”

ஜெக்கரியா சாய்ந்து கிடந்த தன் நெல்லைப் பார்த்தார். அதற்காகத்தான் அவர் நேற்று அவ்வளவு தூரம் கெஞ்சியது. ஜன்னத் பீவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு புருஷனையே பார்த்தார். வேண்டாம் என்று அந்தக் கண்கள் சொன்னதை எல்லோரும் பார்த்தார்கள். வண்டி அந்தக் கோடியில் திரும்பி இந்தக் கோடிக்கு வருவதை ஜெக்கரியா பார்த்துக்கொண்டிருந்தார். வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

“தொட்டிய காலி பண்ணிட்டு வரப்ப தாண்டி அங்க எறக்குப்பா,” என்றார் டிரைவரிடம்.

“பாய், வேணாம். கொடுத்தது கொடுத்ததுதான்,” என்று துரைராசு ஓடிவந்தார்.

“அண்ணே, மழை வருதுன்னு தெரிஞ்சு நீங்க கொடுத்திருந்தீங்கன்னா, நான் பாட்டுக்கு அறுத்துக்கிட்டு போயிருப்பேன். தெரியாம கொடுத்தத நான் எப்படி வச்சுக்கறது? எனக்கு நாலு மா வந்துடுச்சு. போதும்.” ராஜராஜன் பக்கம் திரும்பினார். “எனக்கு இன்னும் ரெண்டு மா நிக்குது. என் முறைதான் ஓடுது. அத இவருக்குக் கொடுக்கறேன். முறை தெரிஞ்ச ஊருதானே இது?”

முறையை மீறினால் நாளைக்கு வாய்க்காலில் ராஜராஜனுக்கே முறைத் தண்ணீர் கிடைக்காது. கெட்ட வார்த்தை ஒன்றைக் காற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டு, வேறு வண்டி தேட அம்மாப்பேட்டைப் பக்கம் கிளம்பிப் போனான்.

அதற்குப் பிறகு பேச யாருக்கும் நேரமில்லை. வண்டி வரப்பை மிதித்துக்கொண்டு துரைராசுவின் வயலில் இறங்கியது. டிராக்டர் டிரைலர் நிரம்ப நிரம்ப, சாப்பாட்டோடு வந்துசேர்ந்த அமிர்தமும் ஷோபனாவும் களத்துக்கு ஓடிப் படுதா பிடித்தார்கள். கட்டி வந்த சோறு தூக்கிலேயே ஆறியது. முதல் தூறல் விழுந்தபோது பாதி வயல் முடிந்திருந்தது. டிரைவர் நிறுத்தவில்லை. தூறல் கனத்து, செயினில் சேறு அப்பி, வண்டி முனக ஆரம்பித்த பிறகுதான் இனி முடியாது என்று ஏறி வந்தான். ஒன்பது மாவில் ஏழு மா படுதாவுக்குள் வந்துவிட்டது. துரைராசு மழையிலேயே நின்று சென்னைக்குப் போன் செய்தார். நெல் வந்துவிட்டது என்று மட்டும் சொன்னார். அமிர்தம் களத்திலேயே உட்கார்ந்து அழுதார், சந்தோஷத்தில்தான்.

ஷோபனாவுக்கு அழுகையும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. வரப்புக்கு அந்தப் பக்கம் ஜெக்கரியாவின் இரண்டு மா கண்ணெதிரே தண்ணீரில் அமுங்கிக்கொண்டிருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். தப்பு செய்தது அவள், நனைந்தது அடுத்த வயல் நெல்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. ஷோபனா கடைக்குப் போய் ஷட்டரைப் பாதி தூக்கி, கம்ப்யூட்டரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, தாள் எதுவும் அடிக்காமல் இறக்கிப் பூட்டினாள். நேரே வயலுக்கு நடந்தாள். ஜன்னத் பீவி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் சேற்றில் நின்றார். தண்ணீரில் கிடந்த நெல்லைக் கொத்துக் கொத்தாக நிமிர்த்தி, வைக்கோல் புரியால் கட்டி நிறுத்திக்கொண்டிருந்தார். கதிர் தண்ணீருக்கு மேலே நின்றால் முளைக்காது. அவ்வளவு பெரிய வயலில் ஒற்றை ஆளாக அவர் கட்டியது ஒரு மூலைகூட இல்லை.

“அக்கா,” என்றாள் ஷோபனா.

ஜன்னத் பீவி நிமிரவில்லை. “மன்னிப்பு கேக்க வந்தியா?”

“ஆமாங்க்கா.”

“கேக்காத. நீ கேட்டா, பரவாயில்லம்மான்னு நான் சொல்லணும். எனக்கு அப்படி இல்ல. அவங்க பெரிய மனசு பண்ணி கொடுத்துட்டாங்க, அது அவங்க மனசு. நாத்து விட்டதுலேந்து இந்த மூலையில கெடந்து களை பறிச்சவ நான். எனக்குக் கோவம் இருக்கு. இன்னும் கொஞ்ச நாளைக்கு இருக்கும்.”

ஷோபனா செருப்பை வரப்பில் கழற்றிவிட்டு இறங்கினாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் வயல் சேற்றில் கால் வைத்ததில்லை. இரண்டு தடவை வழுக்கி, புடவையெல்லாம் சேறாகி, ஒரு கொத்தைப் பிடித்து நிமிர்த்தினாள். அது கையை விட்டு மறுபடி சாய்ந்தது. திரும்பப் பிடித்தாள். ஜன்னத் பீவி தன் இடுப்பில் செருகியிருந்த வைக்கோல் புரியில் பாதியை உருவி அவள் பக்கம் போட்டார். இரண்டு பேரும் ஆளுக்கொரு வரிசையாகக் கட்டிக்கொண்டு போனார்கள்.

“அக்கா, மத்தியானம் திரும்ப மழ வரும்,” என்றாள் ஷோபனா கடைசியில். “இன்னிக்கு உப்புக்காரரு பக்கத்துலயே மூணு தடவ படிச்சேன். கோடு எதுவும் இல்ல.”

ஜன்னத் பீவி அப்போதுதான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை. திரும்பிக் கிழக்கே ஒரு தடவை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

“அப்ப பேசாம கட்டு,” என்றார்.